தங்கமான பையன் சார்

என்னண்ணே, சீட்ட நாலா மடிச்சு உள்ளங்கைக்குள்ள வச்சிருக்கீங்க, லாட்டரியா? பதினாலாம் நம்பர் ரூமு, மனநலம்னு போட்டிருக்குறது வெளிய தெரியக் கூடாதாக்கும். இந்த வராண்டாவுல உக்காந்திருக்குற அம்புட்டுப் பேருக்கும் அதே ரூமுதான். பல்லு வலிக்கு வந்தவன் எவனும் இங்க வழி தெரியாம உக்காரல. அக்கா, நீங்களுந்தான். வந்ததுல இருந்து பாக்குறேன். 'எனக்கு ஒண்ணுமில்ல, இவருக்குத் துணைக்கு வந்தேன்'னு நீங்க சொல்றீங்க. 'எனக்கு ஒண்ணுமில்ல, இவதான் இழுத்துட்டு வந்தா'ன்னு அண்ணன் சொல்றாரு. அப்ப யாருக்குத்தான் சீட்டுப் போட்டிருக்கீங்க, ஃபேனுக்கா?

சிரிச்சிட்டீங்க பாத்தீங்களா. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. வாய் மட்டுமில்ல, காலும். பெஞ்சு ஆடுதுல்ல, பூகம்பம்னு எந்திரிச்சு ஓடிராதீங்க, என் வலது காலுதான்.

ஒரே ஒரு ஒதவி. என் நம்பர் நாப்பத்தி மூணு. இப்ப முப்பத்தாறு உள்ள போயிருக்கு. என்னையக் கூப்பிட்டா கையத் தட்டிச் சொல்லிருங்க. நான் கவனிக்க மாட்டேன். வியாதியே அதான்.

ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. புதுசா வந்த பைக் மாதிரி இருக்குல்ல? எப்படிச் சொல்றது... கல்யாணப் பந்தியில சாம்பார் வாளியோட ஒருத்தன் நிக்கிறான்னு வைங்க. இருக்குற இலைக்காரன் எல்லாம் ஒரே நேரத்துல 'தம்பி இங்க, தம்பி இங்க'ன்னு கூப்பிடுறான். அவன் நடுவுல நின்னு நின்னு, கடைசி வரைக்கும் யாருக்கும் ஊத்தல. வாளியும் ஆறிப் போச்சு. பாக்குறவன் என்ன சொல்வான்? வேல செய்யாத நாயின்னு சொல்வான். என் மண்டைக்குள்ள எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் பந்திதான்.

இருக்குன்னு நான் சொல்றேன். இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தாத்தான் மாத்திர. அந்த ஒரு வரிக்குத்தான் ரெண்டு வருசமா அலையுறேன்.

பேரு ஜெரால்டு. வத்தலகுண்டு பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். முடிச்சியான்னு கேக்காதீங்க. கடைசி வருசம் ஒரு பேப்பருக்கு உசுரக் குடுத்துப் படிச்சேன். குளிச்சு, மாதா கெபியில மெழுகுவத்தி ஏத்தி, ரெண்டு பேனா வச்சுக்கிட்டுப் போறேன், ஹால்ல ஈ காக்கா இல்ல. வாட்ச்மேன் வந்து, 'தம்பி, அது நேத்து'ங்கிறாரு. ரெண்டே வார்த்த. அதோட காலேஜும் நேத்து ஆயிருச்சு.

அப்புறம் கூரியர்ல சேந்தேன். ஒரு கல்யாணப் பட்டுப்புடவ, பார்சல டீக்கடையில வச்சிட்டு டீ கிளாச மட்டும் பத்திரமா வண்டியில வச்சு எடுத்துட்டுப் போயிட்டேன். சிரிங்க, சிரிங்க. அந்த ஓனரு சிரிக்கல. அப்புறம் இந்த ஊருல மொபைல் கடை. கடைக்கு மேலயே ரூமு. அங்கதான் ஒரு மத்தியானம் ஃபோன்ல ஒரு வீடியோ வந்துச்சு. யாரோ ஒரு பொண்ணு, சென்னைல உக்காந்துக்கிட்டு, 'நீங்க சாவிய ஃப்ரிட்ஜுல வச்சிருக்கீங்களா? ஒருத்தர் பேசும்போது அவங்க முடிக்கிறதுக்குள்ள குறுக்க விழுறீங்களா? தொடங்குன எதையும் முடிச்சதில்லயா?'ன்னு கேக்குது. நான் மேல பாக்குறேன், எங்கயாவது கேமரா வச்சிருக்காளான்னு. அந்த வீடியோ ரெண்டு நிமிசம். என் வாழ்க்கையில நான் முழுசாப் பாத்த மொத வீடியோ அதான். பாத்துட்டு அழுதேன். கஸ்டமர் ஒருத்தர் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தவரு, பாவம், அவரா ஒட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

சரி, டாக்டரப் பாப்போம்னு போனேன். ஸ்வீட் கடைக்கு மேல ஒரு கிளினிக்கு. உக்காந்தேன். 'லவ் ஃபெயிலியரா?'ன்னாரு. இல்ல சார். 'தண்ணி அடிப்பியா?' அடிக்கணும்னு நெனைப்பேன் சார், மறந்துரும். அவரு சிரிக்கல. நான் ஏ.டி.எச்.டி.ன்னு சொன்னதும் மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டாரு. 'அது சின்னப் பசங்களுக்கு வர்றதுப்பா. மீச வச்சவனுக்கு எல்லாம் வராது. ஃபோனப் பாத்துட்டு வந்து எனக்கே வைத்தியம் சொல்லாத.' ஒரு மாத்திர எழுதிக் குடுத்தாரு. போட்டேன். மறுநாள் சாயங்காலம்தான் முழிச்சேன். ஓடுற மனச நிறுத்தக் கேட்டா, ஆளையே நிறுத்திட்டாரு மனுசன்.

இப்ப யாரு, முப்பத்தெட்டா? சரி சரி.

அப்புறந்தான் இங்க வந்தேன். போன வருசம், பொங்கல் முடிஞ்சு. அப்ப ஒரு மேடம் இருந்தாங்க. சின்ன வயசு. நான் பேசப் பேச, நிறுத்தாம, கையில பேனாவ வச்சுக்கிட்டு கேட்டாங்கண்ணே. என்னைய ஒருத்தர் முழுசாக் கேட்டது அப்பத்தான். 'இருக்கலாம் ஜெரால்டு'ன்னாங்க. 'ஆனா உறுதியாச் சொல்ல, இது பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு தெரியணும். சின்ன வயசுல உங்களப் பாத்தவங்க யாராவது வந்து சொல்லணும். பழைய ரேங்க் கார்டு இருந்தாலும் கொண்டாங்க.' நாலு பக்கத்துல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. 'பொருள்கள அடிக்கடி தொலைப்பீங்களா'ன்னு ஒரு கேள்வி. அந்த ஃபாரத்த ரெண்டு தடவ தொலைச்சேன். மூணாவது தடவ நர்ஸம்மா ஃபைலோட நூல் போட்டுக் கட்டிக் குடுத்தாங்க.

சின்ன வயசுல என்னையப் பாத்தது யாரு? அப்பா நான் நாலாப்பு படிக்கிறப்பவே கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போயி, அங்கயே ஒரு குடும்பமும் வெட்டிக்கிட்டாரு. இருக்குறது எங்கம்மா மட்டுந்தான். சகாயராணி. டைலரு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பாங்க. எங்க ஊருல கால்சட்ட போட்ட பய அம்புட்டுப் பேரும் எங்கம்மா கையிலதான் வளந்தான்.

ரேங்க் கார்டு கத வேற. மிஸ் சிவப்பு மையில எழுதுவாங்க, 'கவனம் இல்லை', 'இடத்தில் உட்காருவதில்லை'ன்னு. அம்மா எட்டாப்பு வரைக்கும் படிச்சவங்க, எழுத்துக் கூட்டி வாசிச்சிருவாங்க. அதனால நான் பிளேட வச்சு பதமாச் சுரண்டி எடுத்துட்டு, அது மேல 'நன்று'ன்னு எழுதிருவேன். அஞ்சு வருசத்து ரேங்க் கார்டு, அம்புட்டும் நன்று. அப்பவாவது தெரியுமா, இந்தச் செவப்பு மையி பின்னாடி மருந்துச் சீட்டா ஆகும்னு.

மார்ச் மாசம் அம்மாவக் கூட்டியாந்தேன். பூசைக்குக் கட்டுற நீலச் சேல கட்டிட்டு வந்தாங்க. தலைக்கு எண்ண வச்சு, மல்லிகப்பூ வச்சு, பெற்றோர் கூட்டத்துக்குப் போற மாதிரி. மேடம் நல்லாத்தான் கேட்டாங்க, 'சின்ன வயசுல பையன் எப்படிம்மா இருந்தான்?'

எங்கம்மா நிமிந்து உக்காந்தாங்க. 'தங்கமான பையன் மேடம்'னாங்க.

நான் திரும்பிப் பாக்குறேன்.

'சொன்ன பேச்சு தட்ட மாட்டான். உக்காருன்னா உக்காருவான். ஒரு நாளு ஒருத்தர் வந்து கொற சொன்னதில்ல. இந்தாங்க, ரேங்க் கார்டப் பாருங்க, மிஸ்ஸே எழுதியிருக்காங்க.'

என்னைய போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ஜாமீன்ல எடுக்க வந்த மாதிரி பேசுறாங்கண்ணே. மேடம் ரேங்க் கார்டப் புரட்டுறாங்க. நன்று, நன்று, நன்று. நான் அம்மா காலச் சுரண்டுறேன், 'ம்மா, ம்மா'ங்கிறேன். எங்கம்மா என் தொடையில ஒரு கிள்ளு. சும்மா இருங்கிறாங்க. வெளிய வந்து எங்கிட்ட ரகசியமா, 'எங்கிட்டயே உன்னப் பத்தி வாயப் புடுங்குறா பாத்தியா. நான் சிக்குவனா'ங்கிறாங்க.

மேடத்தக் கொற சொல்ல முடியாது. 'சின்ன வயசுல இல்லாம, இது பெரிய வயசுல புதுசா வராது ஜெரால்டு. பதட்டமா இருக்கலாம். ஒரு மாசம் இந்த மாத்திரையப் போட்டுட்டு வாங்க'ன்னாங்க. அம்புட்டுத்தான், கதவு சாத்தியாச்சு. சாத்துனது யாரு? எங்கம்மா.

பஸ் ஸ்டாண்டுல பிடிச்சேன் பாருங்க அவங்கள. சனம் அம்புட்டும் பாக்குது. 'ஏம்மா பொய் சொன்ன? நான் தங்கமா? ஒன்னாப்புல இருந்து நாலாப்பு வரைக்கும் பாவாட நாடாவ எடுத்து என் கால மெஷின் காலோட கட்டிப் போட்டியே, அதச் சொல்ல வேண்டியதுதான? மாட்டக் கட்டுற மாதிரி கட்டினியே, அதச் சொன்னா எனக்கு மருந்து கிடைச்சிருக்கும்ல?'

கத்துனேன். வாழ்க்கையில ஒரு காரியத்த நடுவுல விடாம முழுசாச் செஞ்சேன்னா அன்னைக்குக் கத்துனதுதான்.

அவங்க பைக்குள்ள கைய விட்டு வாட்டர் பாட்டில எடுத்துக் குடுத்தாங்க. பஸ்ஸு கிளம்புறப்ப, ஜன்னல்ல இருந்து, 'அதச் சொன்னா என்னையப் பத்தி என்ன நெனைப்பாங்கப்பா'ன்னாங்க. பஸ்ஸு போயிருச்சு.

கட்டிப் போட்டதுன்னா, அடிச்சு எல்லாம் இல்லக்கா. நாடா நீளமாத்தான் இருக்கும். அவங்க மிதிக்க மிதிக்க அந்த மெஷின் ஆடும், கூடவே என் காலும் ஆடும். எனக்கு வாய்ப்பாடு ஏறுனதே அந்தச் சத்தத்துலதான். பதினாறாம் வாய்ப்பாடு இப்பவும் சொல்லுவேன், மெஷின் ஓடணும். அது வேற விசயம்.

என்னண்ணே, நாப்பதா? நீங்க எண்ணுறீங்கள்ல, சரி.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போனேன். அம்மா கோயில்ல இருக்காங்க. கத்திரி எடுக்க மெஷின் டிராயரத் தெறந்தா, ஒரு காலண்டர் தாளு. மாதா படம் போட்டது, பழைய வருசத்தது. பின்னாடி துணியில கோடு போடுற நீலப் பென்சில்ல எழுதியிருக்காங்க. எங்கம்மா எழுதி நான் பாத்ததெல்லாம் அளவுதான். இடுப்பு இருபத்தாறு, கை ஏழு. இது முழுப் பக்கம். இந்தா இருக்கு பாருங்க, பையிலதான் வச்சிருக்கேன். இதத் தொலைக்கல. வாசிக்கிறேன்.

'ஒன்றாம் வகுப்பில் ஏழு டிபன் பாக்ஸ் தொலைத்தான். எட்டாவது வாங்கித் தரவில்லை, இலையில் கட்டிக் கொடுத்தேன்.'

'பூசை நடக்கும்போது ஓடிப்போய் கோயில் மணியை அடித்து விட்டான். சாமியார் பூசையை நிறுத்தி விட்டார்.'

'கோயிலில் முதல் அப்பம், புதுநன்மை வாங்குகிற அன்று வரிசையில் நின்றவனைக் காணவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஓணான் பிடித்துக் கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை நான் தைத்தது.'

'மிஸ் என்னைப் பதினொரு தடவை கூப்பிட்டு விட்டார்கள். ரேங்க் கார்டில் அவன் சுரண்டியது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கையெழுத்துப் போட்டேன்.'

இதுக்கு என்னக்கா சொல்றீங்க? அம்புட்டு வருசமும் தெரிஞ்சிருக்கு.

கடைசி வரி இருக்கு. 'நான்தான் மகனை மெஷினில் கட்டிப் போட்டேன். நாலு வருஷம். வேறு வழி தெரியவில்லை. மேடம் அவனுக்கு மருந்து கொடுக்க வேண்டும்.'

இருந்த இடத்துலயே வச்சு டிராயர மூடிட்டேன். அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. ஊருக்குத் திரும்புறப்ப மட்டும், 'அடுத்த செவ்வாய்க்கிழமதான? நான் ஆறே முக்கால் பஸ்ஸுல நேரா அங்க வந்துர்றேன். நீ ரூமுல இருந்து வந்துரு'ன்னாங்க.

அந்தச் செவ்வாய்க்கிழமதான் நான் மறந்துட்டேன்.

ஆமாண்ணே. மறந்துட்டேன். அலாரம் மூணு வச்சிருந்தேன், என்ன பிரயோசனம். இந்த வியாதிக்காரன்கிட்ட தேதி குடுத்து, நேரம் குடுத்து, வரிசையில நில்லுன்னா எப்படி? நொண்டிக்கு மூணாவது மாடியில வைத்தியம் பாக்குற மாதிரி இருக்கு இவங்க செய்யுறது. ஒரு தடவ வரலைன்னா பேரு அடிச்சிருவாங்க, திரும்ப மொதல்ல இருந்து. ஒரு ஃபோன் பண்ணி, 'ஜெரால்டு எங்கப்பா இருக்க'ன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சிரும்?

எங்கம்மா எட்டரைக்கே வந்துட்டாங்க. இந்தப் பெஞ்சுதான். அந்த ஓரம். அதே நீலச் சேல, பூ மட்டும் வைக்கல. பக்கத்துல கைக்குட்டையப் போட்டு எனக்கு எடம் பிடிச்சு வச்சிருந்தாங்க. யாரு வந்து கேட்டாலும், 'பையன் வர்றான்'. மடியில இந்தத் தாளு. கண்ண மூடிக்கிட்டு உதடு மட்டும் அசையுது. பாக்குறவங்க செபமால சொல்றாங்கன்னு நெனச்சிருப்பாங்க. இதத்தான் மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நடுவுல மறந்துட்டா ஒரு கண்ணத் தெறந்து தாளப் பாத்துட்டு, திரும்ப மூடிக்குவாங்க, பரிச்சைக்குப் போற பிள்ள மாதிரி.

பதினொன்னரைக்குக் கூப்பிட்டாங்க. 'ஜெரால்டு.' அம்மா எந்திரிச்சு, 'வந்துருவான் சார், பஸ்ஸு லேட்டு'ன்னாங்க. பஸ்ஸு எதுக்கு லேட்டாகணும், நான் இந்த ஊருலதான இருக்கேன். அப்புறம் ஒரு தடவ. 'ஜெரால்டு.' 'இந்தா வந்துட்டான் சார், கீழதான் நிக்கிறான்.' மூணாவது தடவ கம்பவுண்டர் சீட்டப் பாத்து, 'சகாயராணி மகன் ஜெரால்டு'ன்னு சத்தமா. அம்மா கைக்குட்டைய எடுத்து நாலா மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டாங்க. அப்புறமும் போகல. ஓ.பி. மூடுற வரைக்கும், தரை கூட்டுறவரு வந்து காலத் தூக்குங்கன்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தாங்க.

நான் மூணு மணிக்கு ஃபோன் பண்ணுனேன். 'ஐயோ அம்மா, மறந்தே போயிட்டேன்.' திட்டுவாங்கன்னு பாத்தேன். பஸ்ஸு ஹாரன் மட்டும் கேக்குது. அப்புறம் சொன்னாங்க, 'பரவாயில்லப்பா. நீ என்ன பண்ணுவ. அதான உன் வியாதி.'

வியாதின்னு அவங்க வாயில வந்தது அன்னைக்குத்தான். அது வரைக்கும் சேட்டைன்னுதான் சொல்லுவாங்க.

அடுத்த தேதி ஜூன்ல குடுத்தாங்க. மே மாசம் யூனிஃபார்ம் சீசன். ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள தச்சுக் குடுக்கணும். காலையில பத்து மணி இருக்கும், காக்கிக் கால்சட்ட ஒண்ணு மெஷின்ல இருக்கு, அப்படியே தல சாஞ்சுட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா மெஷின் சத்தம் நின்னுருச்சேன்னு வந்து பாத்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கெல்லாம் நேரம் குடுக்கல எங்கம்மா. ஊசி அந்தக் கால்சட்டையில குத்துன மேனிக்கு நின்னுச்சு. அத நான் இன்னும் எடுக்கல.

அழாதீங்கக்கா. நீங்க அழுதா அண்ணன் என்னைய அடிப்பாரு.

ஒரு வருசம் இந்தப் பக்கமே வரல. இப்ப வந்தா, அந்த மேடம் மாறிப் போயிட்டாங்களாம். புது சாரு. மறுபடி மொதல்ல இருந்து. சீட்டுப் போடுற எடத்துல, 'சின்ன வயசுல பாத்தவங்க யாரு வந்திருக்கா?'ன்னு கேட்டாங்க. 'வந்துருவாங்க'ன்னு சொல்லிட்டேன். வாயில அப்படித்தான் வந்துச்சு. இந்தத் தாளத்தான் காட்டணும். ஒத்துக்குவாங்களோ என்னமோ. அம்மா வராம, அம்மா எழுதுனத ஒத்துக்குவாங்களா?

எல்லாம் இந்தப் பாழாப்போன வியாதி செஞ்சது. அன்னைக்கு ஒரு நாளு, அந்த ஒரே ஒரு நாளு என்னைய அது விட்டிருந்துச்சுன்னா...

என்னக்கா?

என்ன கேட்டீங்க?

...நான் எப்படிப் பாத்தேன்னா?

உதடு அசஞ்சத. கைக்குட்டைய மடிச்சத. இல்லக்கா, அம்மா சொல்லல. எங்கம்மா இதையெல்லாம் சொல்ற ஆளு இல்ல.

நீங்க நல்லாக் கவனிக்கிறீங்கக்கா. உங்களுக்கு நிச்சயமா ஒண்ணுமில்ல, நீங்க வீட்டுக்குப் போகலாம்.

சரி.

மூணு அலாரமும் அடிச்சுச்சு. மொத அலாரத்துக்கே எந்திரிச்சுட்டேன். ஒம்பது மணிக்கெல்லாம் இங்க வந்துட்டேன். அந்தா, மாடிப்படி திரும்புற எடத்துல செவப்பு வாளி தொங்குதுல்ல, மண்ணு வாளி, அதுக்குப் பின்னாடி நின்னா இந்தப் பெஞ்சு முழுசாத் தெரியும். பெஞ்சுல இருந்து பாத்தா அங்க நிக்கிறவன் தெரிய மாட்டான். மூணு மணி நேரம் நின்னேன். காலக் கூட ஆட்டாம நின்னேன்க்கா. என்னால முடிஞ்சிருக்கு பாருங்க.

அந்தக் கடைசி வரிய அம்மா வாயால சொல்றதக் கேக்கத் தாங்காம நின்னேன்னு இப்ப சொல்லலாம். கேக்க நல்லா இருக்கும். அது இல்ல. நான் பயந்தது எனக்காக. அம்மா அத்தனையும் சொல்லி, மேடம் எழுதிக் குடுத்து, மாத்திரையும் போட்டு, அதுக்கப்புறமும் நான் இதே மாதிரிதான் இருப்பேன்னா? அப்ப வியாதி இல்லேல்ல. அப்ப நான் வெறும் ஒதவாக்கரதான்ல. அது தெரிஞ்சிரக் கூடாதுன்னு நின்னேன். அம்புட்டுத்தான். நான் மறக்காத ஒரே நாளு அது. அதையும் வியாதி மேல போட்டேன். அதையும் நம்பிட்டுச் செத்தாங்க.

கையத் தட்டாதீங்கண்ணே. கேட்டுச்சு. நாப்பத்தி மூணு, ஜெரால்டு. கேட்டுச்சு.

அன்னைக்கும் கேட்டுச்சு. மூணு தடவையும்.